பூஜ்யம்தான் நல்ல மார்க்: திவாலுக்குப் பிறகு கிரெடிட் கார்டு



இந்த மாதப் பாடம் பணத்தைப் பற்றியது. அதிலும், நம் வீடுகளில் குரலைத் தாழ்த்திப் பேசும் ஒரு விஷயம்: திவால். திவாலான ஒருவர் விடுவிக்கப்பட்ட பிறகு, பேங்க் மறுபடியும் நம்பும் ஆளாக எப்படி ஆவது? அதற்குக் கிரெடிட் கார்டு உதவுமா? உதவும் என்றால் எந்தக் கார்டு? புள்ளி, பெட்ரோல் கழிவு, இலவசப் பெட்டி என்று கூப்பிடுகிறார்களே, அதை எல்லாம் எப்படி எடை போடுவது?

"எனக்கு 22 வயசுதானே, இது எனக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் 21 வயதானால் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒருவர் இந்த நிலைமையில் இருந்தால், பாரத்தைப் பூர்த்தி செய்யச் சொல்லி உங்களிடம்தான் கொடுப்பார்கள். "நீதானே படிக்கிறே, பாத்து சொல்லு" என்பார்கள். எனக்கு அப்படித்தான் இந்தப் பாடம் வந்தது. நான் பொறியியல் மாணவன். பொருளாதாரம் என் துறை இல்லை. ஆனால் இதற்கு வேண்டியது பெருக்கலும் வகுத்தலும், கொஞ்சம் பொறுமையும்தான்.

1. விடுவிப்பு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை

முதலில் சட்டம். 1967-ஆம் ஆண்டுத் திவால் சட்டம் 2017 அக்டோபரில் திருத்தப்பட்டு, இன்சோல்வென்சி சட்டம் என்று பெயர் மாறியது. ஒருவரைத் திவாலாக்க வழக்குப் போடுவதற்குத் தேவையான குறைந்தபட்சக் கடன் அப்போது 30,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளி ஆனது. 2021 செப்டம்பரிலிருந்து அது 100,000 வெள்ளி. 2017 திருத்தம் இன்னொரு கதவையும் திறந்தது. திவாலானவர் தன் சொத்து, வருமான விவரங்களை ஒழுங்காகக் கொடுத்து, தனக்கு நிர்ணயித்த தொகையையும் கட்டிவந்தால், மூன்று ஆண்டுகளில் தானாகவே விடுவிப்புப் பெற வழி வந்தது.

திவாலாக இருக்கும்போது அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது. சொந்தமாக வியாபாரம் நடத்த முடியாது. விடுவிப்பு வந்ததும் அந்தத் தடைகள் போய்விடும். ஆனால் நம்பிக்கை அதே நாளில் திரும்பி வராது. சட்டம் "நீ போகலாம்" என்கிறது, பேங்க் "நீ யார்?" என்று கேட்கிறது. இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்து, விடுவிப்புக் கடிதம் கையில் வந்த வாரமே நாலு பேங்க்கில் விண்ணப்பம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாலும் திரும்பி வந்தால் மனசு உடைந்துபோகும். அதற்கு அவசியமே இல்லை.

2. பேங்க் பார்க்கும் தாள்

கடன் விண்ணப்பம் வந்தால் பேங்க் பார்ப்பது முக்கியமாக இரண்டு அறிக்கை.

ஒன்று சிக்ரிஸ். இது பேங்க் நெகாரா நடத்தும் கடன் தகவல் முறை. யாரிடம் என்ன கடன் இருக்கிறது, கடந்த 12 மாதமும் ஒழுங்காகக் கட்டினாரா என்பது இதில் இருக்கும். பலர் நினைப்பதுபோல் இதில் "கறுப்புப் பட்டியல்" கிடையாது, மார்க்கும் கிடையாது. மாதத்துக்கு ஒரு கட்டமாக 12 கட்டம். எத்தனை மாதத் தவணை பாக்கியோ அந்த எண் கட்டத்தில் விழும். ஒரு மாதப் பாக்கி என்றால் 1. இரண்டு மாதம் என்றால் 2. பாக்கியே இல்லை என்றால் 0. பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கினால் அப்பா கூப்பிட்டு விசாரிப்பார். இங்கே பூஜ்யம்தான் நல்ல மார்க். பரிசீலனையில் இருக்கும் விண்ணப்பங்களும் இதில் தெரியும். அதனால்தான் ஒரே நேரத்தில் நாலு பேங்க்கில் போடக்கூடாது. "இவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்?" என்ற சந்தேகம் வரும்.

மற்றொன்று சிடிஓஎஸ் போன்ற தனியார் நிறுவனங்களின் அறிக்கை. இவை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. வழக்கு, திவால் விவரங்களும் இதில் வரும். சிடிஓஎஸ் 300 முதல் 850 வரை மார்க்கும் போடுகிறது. அந்த மார்க்கில் அதிக எடை, கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்குத்தான்.

சிக்ரிஸ் அறிக்கையை இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். விடுவிப்பு வந்ததும் முதல் வேலை இரண்டு அறிக்கையையும் எடுத்துப் படிப்பதுதான். பழைய விவரம் மாறாமல் இருந்தால் விடுவிப்புக் கடிதத்தின் நகலைக் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். பல இடத்தில் கேட்பார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். திவாலுக்குப் பிறகு "இனி கடனே வேண்டாம், எல்லாம் ரொக்கம்" என்று இருப்பவர்களைப் பார்த்திருப்போம். அது நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் டெபிட் கார்டில் பத்து வருஷம் செலவு செய்தாலும் சிக்ரிஸில் ஒரு பூஜ்யம்கூட விழாது, ஏனென்றால் அது கடனே இல்லை. வீடோ வாகனமோ வாங்கப் போகும் நாளில், பேங்க்கின் கண்ணுக்குப் பழைய திவால் மட்டும் தெரியும். அதற்குப் பிறகு வாழ்ந்த ஒழுங்கான வாழ்க்கை தெரியாது. ஆக, கார்டின் உண்மையான வேலை அந்தக் கட்டங்களில் பூஜ்யங்களை வரிசையாக எழுதுவது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

3. ஒரு குடும்பத்துக் கணக்கு

என் மாமா ஒருவர் சொந்த லாரி வைத்து ஓட்டினார். வேலை குறைந்தபோது டீசலுக்கும் ஆள் சம்பளத்துக்கும் கார்டைத் தேய்த்தார். மூன்று கார்டிலும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தார். லாரி போனது, மிச்சக் கடன் நின்றது, திவால் ஆனார். பல வருஷம் கழித்து விடுவிப்பு வந்தது. இப்போது ஒரு கம்பெனியில் ஓட்டுநர். மாதம் 2,500 வெள்ளி சம்பளம்.

போன வருஷம் கடைத்தொகுதியில் யாரோ கொடுத்த மூன்று விளம்பரத் தாளோடு என்னிடம் வந்தார். "தம்பி, நீ கணக்குல கெட்டிக்காரன். பெட்ரோலுக்கு எது அதிகமா திருப்பித் தருதுன்னு பாத்து சொல்லு" என்றார்.

"மாமா, கார்டு எதுக்கு வாங்குறீங்க?"

"வேன் எடுக்கணும்டா. ரெண்டு மூணு வருஷத்துல சொந்தமா ஒரு வேன். அதுக்கு பேங்க் நம்மள பாக்கணும்ல."

"அப்படின்னா பெட்ரோல் கழிவு ரெண்டாவது விஷயம், மாமா."

பக்கத்தில் இருந்த அத்தைக்குக் கோபம். "மறுபடியும் கார்டா? பட்டது போதாதா?" என்றார். அத்தையின் பயத்தை நான் ஒதுக்கவில்லை. இந்தப் பாடத்தில் பாதி, அத்தைக்குப் பதில் சொல்வதற்காகப் போட்ட கணக்குதான்.

அத்தை பயந்ததில் அர்த்தம் இருக்கிறது. 3,000 வெள்ளி பாக்கி, ஆண்டுக்கு 18% வட்டி என்று வையுங்கள். மாத வட்டி 45 வெள்ளி. குறைந்தபட்சக் கட்டணம் பாக்கியில் 5% அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. முதல் மாதம் சுமார் 150 வெள்ளி கட்டுவீர்கள்; அதில் 45 வட்டிக்கே போய்விடும். பாக்கி குறையக் குறைய நீங்கள் கட்டும் தொகையும் குறைவதால் கடன் இழுத்துக்கொண்டே போகும். புதிதாக ஒரு காசும் செலவு செய்யாமல், குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் எவ்வளவு காலம் ஆகும் என்று எக்செலில் போட்டேன். சுமார் நாலரை வருஷம். வட்டி மட்டும் 1,000 வெள்ளிக்கு மேல். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் சிக்ரிஸில் பூஜ்யம் விழும், உண்மைதான். ஆனால் கை நிறையக் காசு கரையும்.

4. ஒரு புள்ளி எத்தனை காசு?

இப்போது புள்ளிக்கு வருவோம். எந்தச் சலுகையையும் ஒரே கேள்வியில் நிறுத்திப் பார்க்கலாம்: நான் 100 வெள்ளி செலவழித்தால் எனக்கு எவ்வளவு திரும்பி வருகிறது?

ஒரு வெள்ளிக்கு ஒரு புள்ளி, 10,000 புள்ளிக்கு 50 வெள்ளி வவுச்சர் என்று வைத்துக்கொள்வோம். 10,000 வெள்ளி செலவுக்கு 50 வெள்ளி, அதாவது 0.5%. "பத்தாயிரம் புள்ளி" என்று கேட்கும்போது பெரிசாகத் தெரியும். வகுத்துப் பார்த்தால் நூறு வெள்ளிக்கு 50 காசு. மாதம் 600 வெள்ளி செலவழிப்பவர் அந்த 10,000 புள்ளியைச் சேர்க்க ஏறக்குறைய 17 மாதம் ஆகும். அதற்குள் புள்ளி காலாவதி ஆகுமா என்றும் பார்க்க வேண்டும்.

மாமா ஏற்கனவே செய்யும் செலவில் கார்டில் போடக்கூடியது: பெட்ரோல் 300, கைப்பேசி 60, மளிகை 240. மொத்தம் 600 வெள்ளி. இரண்டு கற்பனைக் கார்டுகளை எடுத்துக்கொண்டோம்.

கார்டு ஒன்று: பெட்ரோலுக்கு 5% திரும்ப வரும். மாதத்துக்கு 15 வெள்ளிதான் உச்சம். மாதம் 1,000 வெள்ளியாவது செலவழித்தால்தான் அதுவும்.

கார்டு இரண்டு: எல்லாச் செலவுக்கும் 0.5%. நிபந்தனை இல்லை.

இரண்டுக்கும் ஆண்டுக் கட்டணம் இல்லை என்று வைப்போம். ஆனால் கார்டு ஒன்றுக்கு ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி கட்டாயம் உண்டு.

கார்டு ஒன்று வருஷத்துக்கு 180 வெள்ளி தரும் என்று விளம்பரம் சொல்லும். ஆனால் மாமாவின் செலவு 600-தான். 1,000-த்தைத் தொட மாதம் 400 வெள்ளி தேவையில்லாத பொருள் வாங்க வேண்டும். வருஷத்துக்கு 4,800 வெள்ளி. 180 வெள்ளி பிடிக்க 4,800 வெள்ளியைத் தூக்கிப் போடுவதா? வாங்காவிட்டால் கழிவு பூஜ்யம், வரி 25. ஆக 25 வெள்ளி நட்டம். கார்டு இரண்டில் மாதம் 3 வெள்ளி, வருஷம் 36. வரி 25 போனால் 11 வெள்ளி லாபம்.

"பதினோரு வெள்ளியா? இதுக்கா இவ்வளவு கணக்கு?" என்று மாமா சிரித்தார். சிரிக்க வேண்டிய தொகைதான். ஆனால் அந்தப் பதினோரு வெள்ளிதான் பாடம். ஒரே ஒரு மாதம் 600 வெள்ளியைக் கட்டத் தவறினால் தாமதக் கட்டணம் குறைந்தது 10 வெள்ளி. 18% என்றால் ஒரு மாத வட்டி ஏறக்குறைய 9 வெள்ளி. ஒரு வருஷப் பரிசு ஒரு தாமதத்தில் போய்விட்டது. அதைவிட மோசம், கட்டத்தில் 1 விழக்கூடும். 19 வெள்ளியை உழைத்துச் சம்பாதிக்கலாம். அந்த 1 மறைய ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

விளம்பரத் தாளில் இன்னொன்றையும் தேடிப் படியுங்கள்: எந்தச் செலவுக்குப் புள்ளி இல்லை? இ-வாலட்டில் காசு ஏற்றுவது, அரசாங்கக் கட்டணம் போன்றவற்றைப் பல கார்டுகள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

5. தேர்ந்தெடுக்கும் வரிசை

நாங்கள் கடைசியில் எழுதிக்கொண்ட வரிசை இது. மேலே இருப்பதில் தேறினால்தான் கீழே இருப்பதைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கிடைக்கக்கூடிய கார்டு. 2011-இல் பேங்க் நெகாரா கொண்டுவந்த விதிப்படி, கார்டு வாங்க ஆண்டு வருமானம் 24,000 வெள்ளியாவது வேண்டும். 36,000 வெள்ளி வரை சம்பாதிப்பவர் இரண்டு நிறுவனங்களின் கார்டு மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் மாத வருமானத்தைப்போல் இரு மடங்குதான் உச்சவரம்பு. மாமாவின் 2,500 வெள்ளி சம்பளம் தகுதிக்குள் வருகிறது. ஆனால் திவால் வரலாறு இருப்பதால் சாதாரணக் கார்டு கிடைப்பது கஷ்டம். ஃபிக்சட் டெபாசிட்டை அடமானமாக வைத்துக் கார்டு கொடுக்கும் பேங்க்குகள் இருக்கின்றன. நம் காசு அவர்களிடம் இருப்பதால் அவர்களுக்குப் பயம் குறைவு. நிபந்தனை பேங்க்குக்கு பேங்க் மாறும். கிளைக்கு நேரில் போய்க் கேட்பது நல்லது. பாரத்தில் திவால் பற்றிக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மறைத்தாலும் அறிக்கையில் தெரிந்துவிடும். அப்போது போவது கார்டு மட்டும் இல்லை, பேரும்தான்.

இரண்டாவது, சின்ன வரம்பு. மாமா 2,000 வெள்ளி சேமித்து வைத்திருந்தார். "அதை அடமானமா வெச்சா, அந்த அளவுக்கு மேல கார்டு போகாது, அத்தை" என்று சொன்ன பிறகுதான் அத்தை உட்கார்ந்து கேட்டார். விரலுக்கு ஏற்ற வீக்கம் என்பது கார்டுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, கட்டணம். ஆண்டுக் கட்டணம் உண்டா? தள்ளுபடிக்கு எத்தனை முறை தேய்க்க வேண்டும்? இரண்டாவது வருஷத்திலிருந்து என்ன ஆகும்?

நான்காவது, முழுத் தொகையைத் தானாகப் பிடிக்கும் வசதி. சம்பளம் ஏறும் அதே பேங்க்கில் கார்டு இருந்தால் ஏற்பாடு சுலபம். பாரத்தில் "குறைந்தபட்சத் தொகை", "முழுத் தொகை" என்று இரண்டு கட்டம் இருக்கும். "முழுத் தொகை"யைக் குறியிடுங்கள்.

ஐந்தாவது, கடைசியாகத்தான் புள்ளி. மேலே நாலிலும் தேறிய கார்டுகள் இரண்டு இருந்தால், இப்போது செய்யும் செலவுக்கே எது அதிகம் தருகிறதோ அதை எடுங்கள். இலவசப் பெட்டி இந்தப் பட்டியலில் வராது.

6. கார்டு வந்த பிறகு

மாதம் ஒன்றிரண்டு நிரந்தரச் செலவை மட்டும் கார்டில் போடுங்கள். வரம்பு 2,000 என்றால் 600-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. வரம்பை முட்டிக்கொண்டே இருப்பவரைப் பார்த்தால் கடன் கொடுப்பவருக்குச் சந்தேகம் வரும்.

ஸ்டேட்மெண்ட் வந்த பிறகு கட்டுவதற்குக் குறைந்தது 20 நாள் வட்டியில்லா அவகாசம் உண்டு. முழுத் தொகையும் கட்டுபவருக்குத்தான் அது. தானாகப் பிடிக்கும் ஏற்பாடு இருந்தாலும் கணக்கில் காசு இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்த வேலை அத்தைக்கு. சமையலறை நாள்காட்டியில் தேதியை வட்டமிட்டு வைத்திருக்கிறார். கார்டு வேண்டாம் என்றவரே காவலுக்கு வந்தது நல்லதாகப் போயிற்று.

கார்டிலிருந்து ரொக்கம் எடுக்காதீர்கள். அதற்கு அவகாசமே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு.

ஒழுங்காகக் கட்டுபவருக்கு வட்டி விகிதமும் குறையும். 12 மாதமும் தவறாமல் கட்டியவருக்கு உச்ச வட்டி 15%; 10 மாதமாவது கட்டியவருக்கு 17%; மற்றவருக்கு 18%. முழுத் தொகையும் கட்டினால் எந்த விகிதமும் நம்மைத் தொடாது என்பது வேறு விஷயம்.

12 மாதம் முடிந்ததும் சிக்ரிஸை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு பூஜ்யமும் விழுந்திருந்தால், அப்போது வேறு கார்டைப் பற்றி யோசிக்கலாம். யோசிக்காமலும் இருக்கலாம். வேன் கடனுக்கு ஒரு கார்டு எழுதிய பூஜ்யங்களே நல்ல சாட்சி.

கார்டு ஒன்றுதான் வழி என்று நான் சொல்லவில்லை. தன் கையைத் தானே நம்ப முடியாதவர் கார்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. பேங்க்கில் வாங்கிய சின்னக் கடனை ஒழுங்காகக் கட்டினாலும் அது சிக்ரிஸில் ஏறும். திவால் வரை போகாமல் கடனில் தவிப்பவர்கள் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போகலாம். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது; ஆலோசனை இலவசம். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி உண்டு.

குழுவில் பேசுவதற்கு

1. வீட்டுக்கு வந்த ஏதாவது ஒரு கார்டு விளம்பரத்தை எடுத்துவாருங்கள். 100 வெள்ளி செலவுக்கு எத்தனை காசு திரும்பி வருகிறது என்று கணக்குப் போடுங்கள். உச்சம், நிபந்தனை, 25 வெள்ளி வரி எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

2. 3,000 வெள்ளி பாக்கிக்கு மாதம் 150 வெள்ளியைக் குறைக்காமல் கட்டினால் எத்தனை மாதத்தில் முடியும்? குறைந்தபட்சத்தை மட்டும் கட்டும் நாலரை வருஷத்தோடு ஒப்பிடுங்கள்.

3. 21 வயது ஆனவர்கள் தங்கள் சிக்ரிஸ் அறிக்கையை எடுத்துப் படியுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். உங்களுக்குப் புரிகிறதா என்பதே கேள்வி.

4. நம் குடும்பத்தில் ஒருவர் திவாலாகி மீண்டால், அவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? "எப்படிப் போச்சு?" என்று மட்டும் கேட்கிறோமா, இல்லை "இனி என்ன செய்யலாம்?" என்று கூட உட்கார்ந்து கணக்குப் போடுகிறோமா?

நாலாவது கேள்விக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். முதல் மூன்றையும் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும்.